ஒரு சென்டில் எத்தனை பப்பாளி?

ஒரு சென்ட் நிலம் என்பது 435.6 சதுர அடி. மூன்றடிக்கு ஒரு மரம் வீதம் நட்டால் அதில் 48 பப்பாளி நடலாம். ஆறடிக்கு ஒன்று வீதம் நட்டால் 12 தான் நட முடியும். "எது நல்லது?" என்று எந்த வகுப்பில் கேட்டாலும் "48 சார்" என்றுதான் முதலில் பதில் வரும். வகுத்தல் கணக்குப்படி அது சரி. தோட்டத்தில் அந்தக் கணக்கு பலிப்பதில்லை. அது ஏன் என்பதில் அறிவியலும் கணக்கும் நிறையவே இருக்கின்றன. தொடக்க வகுப்பு முதல் மேல்நிலை வகுப்பு வரை எந்த ஆசிரியரும் அவரவர் பாடத்துக்கு ஏற்பப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்பதால் இதை எழுதுகிறேன்.

திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரவிக் கிடக்கும் ஜவ்வாது மலையில் பப்பாளி இல்லாத ஊரைப் பார்ப்பது கடினம். ஆனால் யாரும் திட்டமிட்டு நட்ட மரங்கள் அல்ல அவை. பழத்தைத் தின்றுவிட்டு விதையைக் குளிக்கும் கல்லுக்குப் பின்புறமோ குப்பைமேட்டிலோ கொட்டுகிறார்கள். மழை வந்ததும் பத்துக் கன்று கூட்டமாக முளைக்கிறது. பிடுங்க மனம் வராமல் அப்படியே விடுகிறார்கள். ஆறே மாதத்தில் மெலிந்து நெட்டையாக ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்கின்றன. பூக்கும்போது பார்த்தால் பாதி ஆண் மரம். மீதியில் காய் பிடித்தாலும் கூரைக்கு மேலே, குரங்குக்கு எட்டும் உயரத்தில், நமக்கு எட்டாத உயரத்தில் பிடிக்கிறது.

மழைக்காலத்தில் இதனால் பெரிய நட்டம் இல்லை. மாசி, பங்குனி வந்துவிட்டால் நிலைமை வேறு. ஊற்றிலிருந்தோ குழாயடியிலிருந்தோ குடத்தில் சுமந்து வரும் தண்ணீரில்தான் வீட்டு மரங்கள் பிழைக்க வேண்டும். அந்தக் குடத்தைச் சுமப்பவர் பெரும்பாலும் நம் மாணவியின் தாய். பல வீடுகளில் நம் மாணவியேதான். காய்க்காத மரத்துக்கு எட்டு மாதம் ஊற்றிய தண்ணீர் அந்தப் பிள்ளையின் தோளில் ஏறி வந்த தண்ணீர். ஆகவே எத்தனை மரம், எவ்வளவு இடைவெளி என்பது இங்கே வெறும் தோட்டக்கலைக் கேள்வி இல்லை.

இலை நீட்டும் கை

ஆறடி என்ற அளவு எங்கிருந்து வந்தது? தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைப்பது 1.8 மீட்டருக்கு 1.8 மீட்டர், அதாவது ஏறத்தாழ ஆறடிக்கு ஆறடி. அதை மனப்பாடம் செய்யச் சொல்வதைவிட மரத்தையே அளக்கச் சொல்வது நல்லது. வளர்ந்த பப்பாளியின் ஓர் இலையைக் கீழே இறக்கி அளவு நாடாவைக் கொடுங்கள். உள்ளே துளையுள்ள இலைக்காம்பு (பிள்ளைகள் ஊதல் செய்து ஊதுவார்களே, அதேதான்) இரண்டடி முதல் மூன்றடி வரை இருக்கும். அதன் முனையில் விரிந்த இலை இன்னும் ஒன்றரை, இரண்டடி. காம்பு சற்று மேல்நோக்கிச் சாய்ந்திருப்பதால் நேர்க்கிடையாக மரத்திலிருந்து மூன்று, மூன்றரை அடி தூரத்துக்கு இலை நிழல் விழுகிறது. இரண்டு மரங்களுக்கு இடையே ஆறடி இருந்தால் இலை நுனிகள் லேசாகத் தொட்டுக்கொள்ளும். மூன்றடி இருந்தால் ஒன்றின் இலை மற்றதன் தண்டையே தொடும்.

இலைகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்தால் என்ன ஆகிறது என்பதுதான் முக்கியம். பப்பாளி கிளை விடாமல் நேராக மேலே போகும் செடி. மரம் என்று சொன்னாலும் உள்ளே உறுதியான கட்டை கிடையாது. தண்டில் ஒவ்வொரு கணுவிலும் ஓர் இலை, அந்த இலையின் கக்கத்தில் ஒரு பூ அல்லது சில பூக்கள், பூவிலிருந்து காய். ஆக, கணுக்கள்தான் காய் பிடிக்கும் இடங்கள். வெளிச்சம் போதாத செடி ஒளியைத் தேடி நீள்கிறது. கணுவுக்கும் கணுவுக்கும் இடைப்பட்ட பகுதி நீண்டுகொண்டே போகிறது. ஓர் அடித் தண்டில் இருக்க வேண்டிய கணுக்கள் இரண்டடித் தண்டில் பரவிக்கிடக்கின்றன. முதல் பூவே உயரத்தில் பூக்கிறது. தண்டு பருக்காததால் காற்றுக்குச் சாய்கிறது. கீழ் இலைகள் நிழலில் சீக்கிரம் பழுத்து உதிர்வதால் காய்க்குப் போக வேண்டிய மாவுச்சத்தும் குறைகிறது.

இதை மாணவர்கள் கண்ணால் பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. இலை உதிர்ந்த இடத்தில் தண்டில் தழும்பு நிற்கும். கூட்டமாக நிற்கும் ஒரு மரத்திலும் தனியாக நிற்கும் ஒரு மரத்திலும் தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் தொடங்கி ஓர் அடி நீளத்துக்குள் எத்தனை தழும்பு இருக்கிறது என எண்ணிக் குறிப்பேட்டில் எழுதச் சொல்லுங்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளே செய்துவிடுவார்கள். நான்கைந்து வீடுகளில் எண்ணி வந்த அட்டவணையைப் பார்த்தால் 48 மரம் ஏன் வேண்டாம் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் ஒரு மாணவனின் தாய் என்னிடம் சொன்னது நினைவிருக்கிறது: "ஆறடியா? அவ்வளவு எடத்துல ரெண்டு படி சாமையே எடுத்துடலாமே சார்." அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. முதல் நான்கைந்து மாதம் அந்த இடைவெளி சும்மா கிடக்கத் தேவையில்லை. கீரை, அவரை, சின்ன வெங்காயம் போடலாம். பூசணி, பரங்கி, வெள்ளரி மட்டும் வேண்டாம். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

சரிவில் அளக்கும்போது

மலையில் ஒரு கூடுதல் சிக்கல் இருக்கிறது. சரிவு நிலத்தில் கயிற்றைத் தரையோடு தரையாகப் பிடித்து ஆறடி அளந்தால் உண்மையான கிடைத்தூரம் ஆறடி இராது. 30 பாகைச் சரிவில் ஆறடிக் கயிறு கிடையாகத் தருவது 5.2 அடிதான். ஒளி மேலிருந்து வருகிறது. அதற்குக் கிடைத்தூரம்தான் கணக்கு. ஆகவே கயிற்றை மட்டமாகப் பிடித்து, மேட்டில் நிற்பவர் தரையிலும் பள்ளத்தில் நிற்பவர் இடுப்பு உயரத்திலுமாகப் பிடித்து அளக்க வேண்டும். பத்தாம் வகுப்பு முக்கோணவியலில் கொசைன் எதற்கு என்று கேட்கும் மாணவனுக்கு இதைக் காட்டலாம்.

இன்னொரு கணக்கும் உண்டு. சதுர முறைக்குப் பதிலாக முக்கோண முறையில் நட்டால் அதே இடைவெளியில் 15 சதவீதம் கூடுதல் மரம் நடலாம் என்று விவசாயப் புத்தகங்களில் படித்திருப்போம். உண்மைதான். பக்கம் ஆறடி உள்ள சமபக்க முக்கோணத்தின் உயரம், பிதாகரஸ் தேற்றப்படி, 36-இலிருந்து 9-ஐக் கழித்து 27-இன் வர்க்கமூலம், அதாவது 5.2 அடி. வரிசைகள் ஆறடிக்குப் பதில் 5.2 அடியில் வருவதால் ஏக்கர் கணக்கில் லாபம் கிடைக்கிறது. ஆனால் 24 அடிக்கு 18 அடி என்ற ஒரு சென்ட் தோட்டத்தில், ஓரங்களில் மூன்றடி விட்டு, இதை வரைந்து பாருங்கள். சதுர முறையில் வரிசைக்கு நான்காக மூன்று வரிசை, மொத்தம் 12. முக்கோண முறையில் முதல் வரிசையில் 4, தள்ளி நடும் இரண்டாம் வரிசையில் 3, மூன்றாவதில் 4, மொத்தம் 11. வரிசை நெருங்கியும் நான்காவது வரிசைக்கு இடமில்லை. ஏக்கருக்குச் சொன்ன சூத்திரம் வீட்டுத் தோட்டத்தில் ஒரு மரத்தைக் குறைத்துவிட்டது. கட்டத்தாளில் இதைத் தாங்களே கண்டுபிடிக்கும் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

ஆணா, பெண்ணா?

இடைவெளியைச் சரியாக விட்டு, ஒரு குழிக்கு ஒரு கன்று நட்டு, தண்ணீரும் ஊற்றி வளர்த்த பிறகும் காய்க்காமல் போகலாம். பப்பாளியில் மட்டும் இந்த ஏமாற்றம் அதிகம். காரணம் இதில் மூன்று வகை மரங்கள் இருப்பது: ஆண், பெண், இருபால்.

பூ வந்த பிறகுதான் இவற்றைப் பிரித்தறிய முடியும். ஆண் மரத்தில் நீண்ட, கிளைத்த காம்புகள் தொங்கும். அவற்றில் மெல்லிய குழல் போன்ற சிறு பூக்கள் கொத்துக்கொத்தாக இருக்கும். பெண் மரத்தில் பூ தண்டை ஒட்டியே பூக்கும். பெரிதாக, அடிப்பகுதி குண்டாக இருக்கும். பிரித்துப் பார்த்தால் மகரந்தத்தாள் இருக்காது. இருபால் மரத்தின் பூவும் தண்டை ஒட்டித்தான் வரும், ஆனால் மொட்டு சற்று நீளமாக இருக்கும். உள்ளே சூலகமும் மகரந்தத்தாள்களும் சேர்ந்திருக்கும். பழத்தைப் பார்த்தும் சொல்லலாம்: உருண்டை என்றால் பெண் மரம், நீண்டு இருந்தால் இருபால் மரம்.

ஆண் மரத்தில் ஆணி அடித்தால் காய்க்கும் என்று சிலர் சொல்வதுண்டு. சில ஆண் மரங்கள் பருவநிலை மாறும்போது தாமாகவே தொங்கும் காம்பில் ஒன்றிரண்டு சிறு காய்களைக் காய்ப்பது உண்மை. அந்தச் சமயத்தில் ஆணி அடித்திருந்தால் ஆணிக்குப் பெயர் கிடைத்துவிடுகிறது. ஒரு நம்பிக்கையை எப்படிச் சோதிப்பது என்று எட்டாம் வகுப்பில் பேச இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை: இரண்டு ஆண் மரங்களில் ஒன்றில் மட்டும் அடித்துவிட்டு இரண்டையும் கவனிக்கச் சொல்லலாம்.

பப்பாளியின் செல்லில் 9 இணைக் குரோமோசோம்கள் உள்ளன. அதில் ஓர் இணை பால் நிர்ணயிக்கிறது. பெண் மரம் எக்ஸ் எக்ஸ். ஆண் மரம் எக்ஸ் ஒய். இருபால் மரத்தில் எக்ஸுடன் சற்று மாறுபட்ட ஒரு ஒய் இருக்கிறது. இரண்டு ஒய் சேர்ந்த விதை பிழைக்காது. இந்த ஒரு விதியை வைத்துக்கொண்டே மேல்நிலை மாணவர்கள் எல்லாவற்றையும் கட்டம் போட்டுச் சொல்லிவிடலாம். பெண் மரத்துக்கு ஆண் மரத்தின் மகரந்தம் கிடைத்தால் கன்றுகளில் பாதி ஆண், பாதி பெண். இருபால் மரம் தன் மகரந்தத்தாலேயே கருவுற்றால் நான்கில் ஒரு பங்கு பெண், இரண்டு பங்கு இருபால், ஒரு பங்கு முளைக்காமலே போகும். பிழைத்தவற்றில் மூன்றில் இரண்டு இருபால், ஒன்று பெண். ஆண் இல்லவே இல்லை.

இதிலிருந்து வீட்டுக்குப் பயன்படும் ஒரு முடிவு கிடைக்கிறது. விதைக்காகப் பழம் எடுப்பதானால் நீண்ட பழத்தை எடுக்க வேண்டும். அது இருபால் மரத்தின் பழம். பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருவுற்றிருக்கும். ஆண் கன்று வரும் வாய்ப்பு குறைவு. நம் ஊர்களில் பெரும்பாலும் நடப்பது இதற்கு நேர்மாறு. பெரிதாக, உருண்டையாக இருக்கும் பழத்தின் விதையைத்தான் ஆசையாக எடுத்து வைக்கிறோம்.

மூன்று நாணயங்கள்

நாட்டு விதைதான் கையில் இருக்கிறது, அதில் பாதி ஆணாகத்தான் இருக்கும் என்றால் என்ன செய்வது? குழிக்கு ஒரு கன்றுக்குப் பதில் மூன்று அல்லது நான்கு கன்று நட்டு, பூத்த பிறகு ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை எடுத்துவிட வேண்டும். ஒரு கன்று நட்டால் பெண் மரம் கிடைக்கும் நிகழ்தகவு இரண்டில் ஒன்று. இரண்டு நட்டால் குறைந்தது ஒன்றாவது பெண்ணாக இருக்க நான்கில் மூன்று. மூன்று நட்டால் எட்டில் ஏழு. நான்கு நட்டால் பதினாறில் பதினைந்து.

வகுப்பில் உள்ள ஒவ்வொருவரும் மூன்று நாணயங்களைச் சுண்டட்டும். தலை விழுந்தால் பெண் கன்று, பூ விழுந்தால் ஆண் கன்று. 40 பேர் உள்ள வகுப்பில் ஏறக்குறைய ஐந்து பேருக்கு மூன்றுமே ஆணாக வரும். சரியாக ஐந்தாக இராது. மூன்றாகவோ ஏழாகவோ கூட இருக்கலாம். அந்த வித்தியாசத்தைப் பற்றிப் பேசுவதுதான் பாடம். நம்முடைய 12 குழித் தோட்டத்தில் சராசரியாக ஒன்றிரண்டு குழியில் ஆண் மட்டுமே மிஞ்சும் என்பதையும் அவர்களே சொல்லிவிடுவார்கள்.

மூன்று கன்றையும் ஒரே இடத்தில் திணிக்காமல் குழிக்குள் முக்கோணமாக அரையடி இடைவெளியில் நட வேண்டும். நட்ட நான்கு முதல் ஆறு மாதத்தில் பூ வரும். வேண்டாத மரத்தை வேரோடு பிடுங்கக் கூடாது. பக்கத்து வேரும் கிழிந்துவிடும். தரை மட்டத்தில் வெட்டிவிட்டால் போதும். பப்பாளியின் உணவு உறிஞ்சும் வேர்கள் மேல் மண்ணிலேயே படர்பவை என்பதால் களைக்கொத்தையும் ஆழமாகப் போடக் கூடாது. வெட்டுவது என்றாலே பிள்ளைகள் முகம் சுருங்கும். ஐந்து மாதம் பெயர் வைத்து வளர்த்த செடியாயிற்றே. அந்த நாளில் அவசரப்படாமல் பூக்களைப் பிரித்துக் காட்டி, எது ஏன் போகிறது என்று அவர்களையே சொல்லவைத்துப் பிறகு வெட்டுவது நல்லது.

ஆண் மரத்தை யார் வைத்துக்கொள்வது?

எல்லா ஆண் மரங்களையும் வெட்டிவிட முடியாது. பெண் மரம் காய்க்க மகரந்தம் வேண்டும். 20 பெண் மரத்துக்கு ஓர் ஆண் மரம் என்பது பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. ஒரு சென்ட் வைத்திருப்பவரே ஓர் ஆண் மரத்தை வைத்துக்கொண்டால் பன்னிரண்டில் ஒன்று போய்விடும். வீட்டுக்கு இரண்டே மரம் வைத்திருப்பவர் நிலை இன்னும் மோசம். ஆனால் மலைக் கிராமங்களில் வீடுகள் ஒரே இடத்தில் நெருக்கமாக இருக்கின்றன. காற்றும் அந்திப்பூச்சிகளும் வேலியைப் பார்ப்பதில்லை. ஆகவே இது வீட்டுக் கணக்கு அல்ல, ஊர்க் கணக்கு. ஊருக்கு ஒன்றோ இரண்டோ ஆண் மரம் போதும்.

அந்த ஒரு மரத்தைப் பள்ளி வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. காய்க்காத மரத்துக்கு எந்த வீடும் குடம் சுமக்க விரும்பாது; விரும்பச் சொல்வதும் நியாயமில்லை. பள்ளியில் மதிய உணவுக்குப் பின் கை கழுவும் தண்ணீர் இருக்கிறது. பூவைப் பறித்துப் பாடம் நடத்தவும் ஆண் மரம்தான் வசதி. எவ்வளவு பறித்தாலும் யார் வீட்டுக் காயும் குறையாது. ஊருக்குள் பள்ளி இல்லாத குக்கிராமங்களில் அங்கன்வாடி வளாகம் இதற்குப் பொருந்தும்.

இரகம்

கடையில் விதை அல்லது கன்று வாங்குவதாக இருந்தால் இரகத்தைக் கேட்டு வாங்க வேண்டும். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழக இரகங்களில் கோ 2, கோ 5, கோ 6, கோ 8 ஆகியவை ஆண், பெண் தனித்தனியாக வருபவை. கோ 3, கோ 7 ஆகியவற்றில் பெண் மரமும் இருபால் மரமும் மட்டுமே வரும்; எல்லாமே காய்க்கும்; குழிக்கு ஒரு கன்று போதும். கோ 3 என்பது கோ 2 இரகத்தையும் ஹவாய்த் தீவின் சன்ரைஸ் சோலோவையும் கலந்து உருவாக்கி 1983-இல் வெளியிடப்பட்டது. நாற்றங்கால்களில் இப்போது அதிகம் கிடைக்கும் ரெட் லேடி தைவான் நாட்டுக் கலப்பினம். அதிலும் ஆண் மரம் வராது. ஆனால் அதன் பழத்திலிருந்து விதை எடுத்து நட்டால் தாய் மரத்தைப் போலவே எல்லாம் இருக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

இருபால் மரத்துக்கு ஒரு குணம் உண்டு. கடும் வெப்பத்தில் அதன் பூவில் சூலகம் வளராமல் ஆண் பூப்போல ஆகி உதிரும். குளிர் அதிகமானால் மகரந்தத்தாள்கள் சூலகத்தோடு ஒட்டிக்கொண்டு காய் கோணல்மாணலாக வளரும். காவலூர் வானாய்வகம் இருக்கும் இடம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 725 மீட்டர். அந்த உயரத்தில் மார்கழி, தைப் பனியில் இப்படிப்பட்ட காய்களைக் காணலாம். நோய் என்று பயந்து மரத்தை வெட்ட வேண்டாம். அந்தக் காய்களை மட்டும் பிஞ்சிலேயே கிள்ளிவிட்டால் போதும். பெண் மரத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. பப்பாளி பொதுவாக 1000 மீட்டர் உயரம் வரை நன்றாக வரும். மேலே போகப் போகப் பழம் மெதுவாகப் பழுக்கும், இனிப்பும் குறையும்.

பள்ளி நாட்காட்டியும் பப்பாளியும்

ஜூனில் பள்ளி திறந்ததும் விதைத்தால் ஏறக்குறைய 60 நாளில், ஆகஸ்டில், கன்று நடவுக்குத் தயார். ஜனவரி வாக்கில் பூக்கும். அப்போது வேண்டாதவற்றை வெட்டலாம். அடுத்த ஆண்டு பள்ளி திறக்கும் சமயத்தில் முதல் பழம் பழுக்கத் தொடங்கும். இடையில் ஏப்ரல், மே விடுமுறைதான் சிக்கல். உண்டு உறைவிடப் பள்ளிகளில் பிள்ளைகள் ஊருக்குப் போய்விடுவார்கள். அதனால்தான் கன்றைப் பள்ளியில் வளர்த்து, மரத்தை வீட்டில் வளர்க்கச் சொல்கிறேன்.

விதையைச் சுற்றி வழவழப்பான உறை இருக்கும். அது முளைப்பைத் தடுக்கும். சாம்பலில் தேய்த்துக் கழுவி, நிழலில் உலர்த்தி, அதிக நாள் வைத்திருக்காமல் விதைக்க வேண்டும். பாலிதீன் பையில் மண், மணல், மக்கிய தொழு உரம் கலந்து நிரப்பி, ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் பைக்கு நான்கு விதை. முளைக்க இரண்டு, மூன்று வாரம் ஆகும். ஒரு வாரத்திலேயே "சார், முளைக்கல" என்று வந்து நிற்பார்கள். பையைக் கிளறாமல் பார்த்துக்கொள்வதுதான் ஆசிரியரின் பெரிய வேலை.

குழி ஒன்றரை அடி நீளம், அகலம், ஆழம். மேல் மண்ணுடன் பத்துக் கிலோ தொழு உரம். ஆட்டுக்கு வேலி கட்டாயம்.

பப்பாளிக்குத் தண்ணீர் வேண்டும், ஆனால் தேங்கக் கூடாது. இரண்டு நாள் வேர் நீரில் நின்றாலே மரம் மஞ்சளாகிவிடும். அடித்தண்டு அழுகிச் சாயும். குளிக்கும் கல்லை ஒட்டியும், தகரக் கூரையின் நீர் கொட்டும் இடத்திலும் முளைத்த மரங்கள் ஐப்பசி, கார்த்திகை மழையில் திடீரென்று விழுவது இதனால்தான். கழிவுநீர் விழும் இடத்திலிருந்து ஆறடி தள்ளி, மண்ணைக் கூட்டி மேடாக்கி நட்டு, மரத்தைச் சுற்றி இரண்டடி தள்ளி வட்டமாகச் சிறு வாய்க்கால் வெட்டி அதில் நீரை விட வேண்டும். தண்டின் அடியில் ஊற்றக் கூடாது. கோடையில் அந்த வட்டத்துக்குள் சாமைத் தாளைப் பரப்பினால் ஈரம் பல நாள் நிற்கும்; குடமும் குறையும்.

நோய், பூச்சி பற்றிச் சுருக்கமாக இரண்டு. இலையில் தேமலும் காயில் வளையம் வளையமாகப் புள்ளியும் வந்தால் அது வளையப்புள்ளி வைரஸ். அசுவினி பரப்புகிறது. மருந்து கிடையாது, மரத்தை எடுத்துவிட வேண்டும். பூசணிக் குடும்பத்துக் கொடிகளிலும் இந்த வைரஸ் வாழக்கூடியது என்பதால்தான் இடைவெளியில் அவற்றைப் போட வேண்டாம் என்றேன். மற்றது மாவுப்பூச்சி. 2008-இல் கோயம்புத்தூரில் தென்பட்டு, பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று பல பயிர்களை அழித்தது. மருந்தடித்தும் அடங்கவில்லை. 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து தருவிக்கப்பட்ட ஒட்டுண்ணிக் குளவிகள் தமிழ்நாட்டில் விடப்பட்ட பிறகுதான் கட்டுக்குள் வந்தது. அவற்றில் முக்கியமானது அசெரோபேகஸ் பப்பாயே என்ற மிகச் சிறிய குளவி. வீட்டு மரத்தில் கொஞ்சம் மாவுப்பூச்சி கண்டவுடன் பூச்சிக்கொல்லியைத் தேடினால் சாவது இந்தக் குளவியும்தான். தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவி, அதிகம் பாதித்த இலையைக் கிள்ளி எரித்தால் போதும்.

தட்டில்

பழுத்த பப்பாளியில் வைட்டமின் ஏ ஆக மாறும் கரோட்டினும் வைட்டமின் சி-யும் நிறைய உள்ளன. சாமைச் சோறு, கீரை, பயறு ஆகியவற்றில் உள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்க வைட்டமின் சி உதவும். நம் வளரிளம் பெண்களுக்கு இரத்தசோகை எவ்வளவு பெரிய பிரச்சினை என்பதை மாத்திரை வழங்கும் ஆசிரியர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மாத்திரைக்கு மாற்றாகப் பழத்தைச் சொல்லவில்லை. உணவோடு இரண்டு துண்டு சேரட்டும் என்கிறேன். காயைக் கூட்டாகவோ பொரியலாகவோ செய்யலாம். காயிலும் இலைக்காம்பிலும் வடியும் பாலில் பப்பைன் என்ற நொதி உள்ளது. கறி வேகக் காய்த் துண்டு போடுவது இதனால்தான். அந்தப் பால் தோலில் எரிச்சல் தரும், கண்ணில் பட்டால் ஆபத்து. ஊதல் செய்யும் பிள்ளைகளிடம் காம்பைக் கழுவிய பிறகே வாயில் வைக்கச் சொல்லுங்கள். கர்ப்பிணிகள் காயைத் தவிர்ப்பது நல்லது என்பதற்கும் இந்தப் பால்தான் காரணம். மற்ற சந்தேகங்களைக் கிராமச் செவிலியரிடம் கேட்கச் சொல்லலாம்.

காயில் மஞ்சள் கோடு தெரிந்ததும் பறித்து வீட்டுக்குள் வைத்துப் பழுக்கவிட்டால் குரங்குக்கும் பறவைக்கும் முந்திக்கொள்ளலாம்.

பப்பாளி மரம் இரண்டு, இரண்டரை ஆண்டு நன்றாகக் காய்க்கும். பிறகு உயர்ந்துவிடும், காயும் சிறுக்கும். மூன்றாவது ஆண்டு வரும் முன்பே அடுத்த கன்றுகளை நட்டுவிட வேண்டும். பழைய குழியிலேயே நடாமல் நான்கு மரங்களுக்கு நடுவே புதுக் குழி எடுப்பது நல்லது. அந்தக் குழி நான்கு மரங்களிலிருந்தும் சுமார் நாலேகால் அடி தூரத்தில் இருக்கும். அளக்காமலே இந்த நாலேகால் எப்படிக் கிடைத்தது என்று எட்டாம் வகுப்பில் கேட்டுப் பாருங்கள். பிறகு கயிற்றைக் கொடுத்துச் சரிபார்க்கச் சொல்லுங்கள். புதுக் கன்று முழங்கால் உயரம் வந்ததும் பழைய மரங்களை வெட்டிவிடலாம்.